உப்பு தூவுவதற்கு முன்

அன்புள்ள என்று தொடங்கக் கை வரவில்லை. உன் மேல் கோபமாகத்தான் இதை எழுதுகிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதன்கிழமை சாயங்காலம் நீ அப்பாவுக்குப் போன் செய்தாய். அவர் எந்தப் போனையும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார் என்று உனக்குத் தெரியும். நான் பத்தடி தள்ளி அடுப்படியில் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தேன். விசா வந்துவிட்டது, கம்பெனியே அயர்லாந்துக்கு அனுப்புகிறது, இரண்டு வருஷம், இன்னும் பதினோரு நாளில் கிளம்ப வேண்டும், அதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போகிறேன் என்றாய். எத்தனை மணிக்கு வருவாய் என்று அவர் கேட்டார். "அம்மா டியூஷன் போற டைம்ல வரேன்பா. நாலுலருந்து ஆறு" என்றாய். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கொத்தமல்லியைப் பார்த்தேன்.

இந்த வருஷம் புதிதாக ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தொம்மலூர் பிள்ளைகளுக்குக் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுக்கும் இரண்டு மணி நேரத்தைக் கணக்குப் பார்த்து, பெற்றவள் இல்லாத வீட்டுக்கு வந்துபோகிற மகன் நீ. இது முதல் தடவையும் இல்லை. ஏழு மாதமாக நீ இப்படித்தான் வந்துபோகிறாய். நான் ஈஜிபுரா பஸ் ஸ்டாப்பில் இறங்கி வீட்டுக்கு வரும்போது தொட்டியில் இரண்டு காபி டம்ளர் கிடக்கும், உன் அப்பா ஒருவரே இரண்டு குடித்ததாகச் சொல்வார். டாக்டர் அவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளந்து கொடுத்திருக்கும்போது, இரண்டு டம்ளர் காபி குடித்தேன் என்று சொல்வதற்கு அந்த மனுஷன் எவ்வளவு கஷ்டப்பட்டிருக்க வேண்டும். நான் நம்பியதுபோல இருந்தேன். டம்ளரைக் கழுவி வைத்தேன்.

இப்போது நீ கடல் தாண்டிப் போகிறாய். அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து நான் உன்னைச் சொன்ன சொல்லோடுதான் விமானம் ஏறப் போகிறாய். அந்தச் சொல்லைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். சொன்ன மறுநாளிலிருந்தே தெரியும். அதைச் சொல்லாமல் உன்னை அனுப்பக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன், ஏழு மாதம் தாமதமாக. என் டியூஷன் பிள்ளைகளுடைய அம்மாக்களின் வாட்ஸாப் குழுவில் நான் ஒரு சமையல் குறிப்பு போட்டேன், நினைவிருக்கிறதா? அதைப் பார்த்துச் செய்தவர்கள் எத்தனை பேரோ எனக்குத் தெரியாது. அவர்களும் இதைப் படிக்க வேண்டும். அதனால்தான் உறை ஒட்டாத கடிதமாக எழுதுகிறேன். நம் வீட்டு விஷயத்தை ஊருக்குச் சொல்கிறாளே என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும். எனக்கு மட்டும்தான் வர வேண்டுமா?

எல்லாம் உன் முதல் சம்பளத்தில் ஆரம்பித்தது. மற்ற வீட்டுப் பிள்ளைகள் முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை எடுப்பார்கள். நீ பெரிய பையில் நான்கு வகைச் சிப்ஸும், டப்பா டப்பாவாக ஏதோ குழம்பு மாதிரியும் வாங்கி வந்தாய். சீஸ் டிப், தக்காளி டிப், கொண்டைக்கடலை அரைத்தது. ஆபீஸ் பார்ட்டியில் இதுதான் கொடுக்கிறார்களாம். கோலார் தங்கவயலில் களியும் கருவாடும் தின்று வளர்ந்த உன் அப்பா, ஒரு சிப்ஸை எடுத்துச் சீஸில் முக்கி வாயில் போட்டுவிட்டுக் கண்ணை மூடினார். "இன்னாடா இது, இத்தினி வருஷமா இதைத் தின்னாமலே நான் உயிரோட இருந்துட்டேனே" என்றார். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் நீங்கள் இரண்டு பேரும் சோபாவில். கிரிக்கெட். நடுவில் கிண்ணம். நான் அடுப்படி வாசலில் நின்று பார்ப்பேன். ஒரு நாளாவது "நீயும் உக்காரும்மா" என்று இரண்டு பேரில் ஒருவர் சொன்னீர்களா? சொல்லியிருந்தால் உட்கார்ந்திருப்பேனா என்பது வேறு கேள்வி. சொல்லவில்லை.

பிறகு அவருக்கு முதல் தடவை நெஞ்சு வலி வந்தது. ஆறு நாள் ஆஸ்பத்திரி. இதயம் பலவீனமாகிவிட்டது, இனிமேல் பார்த்து நடக்க வேண்டும் என்றார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது இரண்டு பக்கத் தாள் ஒன்று கொடுத்தார்கள். என்ன சாப்பிடலாம், என்ன கூடாது என்று. அந்தத் தாளை நான் பூஜை அலமாரிக் கண்ணாடியில் ஒட்டினேன். கூடாதவை என்ற பட்டியலில் ஊறுகாய், அப்பளம், பொரித்த தின்பண்டங்கள் என்று ஒரே வரியில் இருந்தது. அந்த வரியை நான் எப்படிப் படித்தேன் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. பொரித்தது என்ற சொல் ஒன்றுதான் என் கண்ணில் பட்டது. எண்ணெய்தான் எதிரி என்று முடிவு கட்டினேன். வீட்டில் இருந்த சிப்ஸை எல்லாம் உன் கண் முன்னால் குப்பைக் கவரில் கொட்டினேன். உன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். பார்த்து, உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை நாலு மணி ஆனால் கை தானாகக் கிண்ணத்தைத் தேடும். சிப்ஸுக்குப் பதில் டிப்பில் தொட்டுக்கொள்ள ஏதாவது லேசாக இருக்க வேண்டும். நான் ஆராய்ச்சியில் இறங்கினேன். தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுப் பூண்டும் புதினாவும் போட்டு டிப் செய்தேன். உப்புக்குப் பதில் இந்துப்பு, அது உடம்புக்கு நல்லது என்று யாரோ சொன்னதை நம்பி. முதலில் வெள்ளரிக்காய். நீளநீளமாக நறுக்கி வைத்தால் தண்ணீர் விட்டு டிப் வழுக்கிக்கொண்டு போனது. கேரட் வைத்தேன். "இன்னா டீச்சரம்மா, நான் இன்னா முயலா?" என்று கேட்டார். நூல்கோல் வைத்தேன், வாசனை பிடிக்கவில்லை. கேழ்வரகு மாவில் பிஸ்கட் மாதிரி சுட்டேன். நீ ஒன்றைக் கடித்துவிட்டு, பல் டாக்டருக்கும் சேர்த்து அப்பாயின்ட்மென்ட் வாங்கிடலாம்மா என்றாய், இரண்டு பேரும் சிரித்தீர்கள். பொரியை முக்கினால் முக்கிய நிமிஷமே ஊறி அழுதுவிடும். மிஞ்சின இட்லியை விரல் விரலாக வெட்டித் தோசைக்கல்லில் முறுகவிட்டேன், அது கொஞ்சம் தேறியது, ஆனால் கடிக்கும்போது சத்தம் வரவில்லை என்றார். சத்தம்தான் அவருக்கு வேண்டியிருந்தது. இத்தனையும் செய்தவள் நான். நீ சோபாவில் உட்கார்ந்து மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தாய்.

கடைசியில்தான் அப்பளம் தோன்றியது. பச்சை அப்பளத்தைக் கத்தரிக்கோலால் எட்டுத் துண்டாக வெட்டி, சப்பாத்தி சுடும் வலைக்கம்பியில் வைத்து நேராக நெருப்பில் காட்டினேன். ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. முக்கோணமுக்கோணமாகப் பூத்து, ஹோட்டலில் தருவதைப்போலவே இருந்தது. டிப்பில் முக்கினால் வளையவில்லை. கடித்தால் தெரு வரைக்கும் சத்தம் கேட்டது. உன் அப்பா மூன்றாவது துண்டில் என் கையைப் பிடித்து, நீதாண்டி டாக்டரு என்றார். கல்யாணமான இருபத்தி நாலு வருஷத்தில் அவர் என் சமையலைப் பாராட்டிக் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்பது போய் தினமும் ஆனது. வேலை விட்டு வந்ததும் நாலு அப்பளம், சில நாள் அஞ்சு. எண்ணெய் இல்லாத சிப்ஸ் என்று தலைப்புப் போட்டு, படம் எடுத்து, குழுவில் போட்டேன். கை தட்டுகிற பொம்மைகளாக வந்து குவிந்தன. நான் ஒவ்வொன்றுக்கும் நன்றி போட்டேன்.

இரண்டு மாதம் போனது. அவர் கால் வீங்கியது. செருப்பு மாற்றினால் சரியாகிவிடும் என்று புதுச் செருப்பு வாங்கினோம். ஒரு திங்கட்கிழமை காலை மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டார், மூச்சு வாங்க முடியவில்லை. நீயும் நானும் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். நுரையீரலில் தண்ணீர் என்றார்கள். கவுன்டரில் அடையாள அட்டை கேட்டார்கள், நான் அவருடைய ஆபீஸ் பையைத் துழாவினேன். கையில் வந்தது எண்ணெய் மினுங்கும் ஒரு பிளாஸ்டிக் கவர். வாயில் நூல் சுற்றியிருந்தது. அடியில் நாலைந்து சிப்ஸ் துண்டுகள். உன்னைப் பார்த்தேன். நீ தலையைக் குனிந்தாய். அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

நான் சொன்னது உனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கும். எனக்கும் இருக்கிறது. "உங்கப்பாவைப் படுக்க வைக்கத்தான் சம்பாதிக்கிறியாடா? போன தடவை முடியலன்னு இந்தத் தடவை முடிச்சிட்டியா?" செய்தி கேட்டு ஓடி வந்த உன் அத்தை இருந்தாள், அவள் மாப்பிள்ளை இருந்தார், முன்பின் தெரியாத இருபது பேர் இருந்தார்கள். கவரை உன் மார்பில் விட்டெறிந்தேன். நீ குனிந்து கவரை எடுத்தாய், நாலாக மடித்து பேன்ட் பாக்கெட்டில் வைத்தாய், மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு போய் மருந்தை அத்தை கையில் கொடுத்துவிட்டு வெளியே போனாய். அவர் வீடு திரும்புவதற்குள் உன் துணிமணி ஹெப்பகோடிக்குப் போய்விட்டது, உன்னோடு வேலை செய்யும் பையன்களின் அறைக்கு. போ என்று நான் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை.

இனிமேல் எழுதப் போவதுதான் உனக்குத் தெரியாதது. மறுநாள் காலை ஒரு டாக்டரம்மா வந்தாள். கன்னடக்காரப் பெண், உன்னைவிட நாலு வயது கூட இருந்தால் அதிகம். அப்பாவை ஸ்கேனுக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். தினமும் என்ன சாப்பிடக் கொடுக்கிறீர்கள் என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டு எழுதிக்கொண்டே வந்தாள். நான் பரீட்சையில் எல்லாக் கேள்வியும் தெரிந்தவள் மாதிரி சொன்னேன். எண்ணெய்ப் பண்டமே கிடையாது டாக்டர், ஸ்நாக்ஸ் கூட நெருப்பில் சுட்ட அப்பளம்தான் என்றேன்.

அவள் பேனா நின்றது. "ஹப்பளா? டெய்லியா? எத்தனை?"

"நாலு, அஞ்சு. சின்ன சைஸ்தான்."

"மேடம், நீங்க எண்ணெய் பாத்தீங்க. உப்பு யாரு பாத்தாங்க?"

நான் உடனே உன்னை முன்னால் தள்ளினேன். பையன் திருட்டுத்தனமாகச் சிப்ஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறான், நான் கையும் களவுமாகப் பிடித்தேன் என்றேன். எத்தனை கவர் என்று கேட்டாள். ஒன்று பார்த்தேன் என்றேன். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "ஒரு கவர்ல இவ்ளோ தண்ணி சேராது மேடம். இது தினா தினா சேந்தது" என்று சொல்லிவிட்டு, நான் அலமாரியில் ஒட்டியிருந்த அதே தாளின் புதுப் பிரதியில் அப்பளம் என்ற சொல்லைச் சுற்றி வட்டம் போட்டுக் கையில் கொடுத்தாள். உளுந்து மாவிலேயே உப்பு போட்டுப் பிசைகிறார்கள், அப்பளக்காரமும் சோடியம்தான், உங்கள் டிப்பில் போடுகிற இந்துப்பும் சோடியம்தான், பொரித்தாலும் சுட்டாலும் அது எங்கேயும் போகாது என்றாள். யாரிடம் சொல்கிறாள் பார். பதினெட்டு வருஷமாகப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சோடியம் கார்பனேட் எழுதிப் போடுகிறவளிடம். அப்பளப் பாக்கெட்டின் மேல் அச்சடித்திருந்த எழுத்தை நான் ஒரு நாளும் திருப்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்ததெல்லாம் வாணலி காலியாக இருக்கிறதா என்பதை மட்டும்.

அன்றைக்கே உனக்குப் போன் செய்திருக்கலாம். போனைக் கையில் எடுத்தேன். எடுத்தவுடன் வராந்தாவில் நின்ற அந்த இருபது பேரும் உன் அத்தையும் நினைவுக்கு வந்தார்கள். சரி, அவரை வீட்டுக்குக் கூட்டிப் போன பிறகு என்று வைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகு, நீ ஒரு தடவை கூப்பிட்டால் சொல்லலாம் என்று வைத்தேன். நீ கூப்பிடவில்லை, அது எனக்கு வசதியாகப் போயிற்று. உன் அப்பா அப்பளம் எங்கே என்று கேட்டார். கடையில் அந்த வகை வருவதில்லை என்று சொன்னேன். அதற்குப் பதில் இப்போது உப்பில்லாமல் கோதுமை மாவைக் கண்ணாடி மாதிரி தேய்த்து, அதே கத்தரிக்கோலால் வெட்டி, மிளகும் சீரகமும் தூவித் தோசைக்கல்லில் காயவிட்டுக் கொடுக்கிறேன். டிப்பில் உப்பு கிடையாது, எலுமிச்சையும் பூண்டும் கொத்தமல்லியும்தான். நன்றாகத்தான் வருகிறது, சத்தம்கூட வருகிறது. அவர் வைத்ததைத் தின்றுவிட்டுக் கிண்ணத்தைத் தொட்டியில் போட்டுவிடுகிறார். இன்னும் ரெண்டு வை என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

அதோடு முடிந்திருந்தால்கூட நான் எப்படியோ பூசி மெழுகியிருப்பேன். மூன்று மாதம் கழித்து, நம் மெயின் ரோடு முனையில் இருக்கும் ஹாட் சிப்ஸ் கடையைத் தாண்டிப் போனேன். பெரிய வாணலியில் உருளைக்கிழங்குச் சீவல் விழுந்துகொண்டிருந்தது. கடைக்காரர் என்னைக் கூப்பிட்டு, "டீச்சர், தம்பி ஊர்ல இல்லையா? உப்பு தூவறதுக்கு முன்னாடி எனக்குத் தனியா எடுத்து வைங்கண்ணேன்னு பக்கத்துலயே நிப்பாரே. இந்த ஏரியாவுல அப்டிக் கேக்கறவரு அவரு ஒருத்தர்தான்" என்றார். நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். ஏதோ சொல்லிவிட்டு நடந்தேன். அந்தக் கவரில் நாலைந்து துண்டு மிச்சம் இருந்ததே. ஒன்றை எடுத்து நாக்கில் வைத்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். மாதிரியைச் சோதிக்காமல் முடிவு எழுதாதே என்று நான் வருஷா வருஷம் பிள்ளைகளைத் திட்டுகிறேன்.

இதுவரை என் பங்கு. இனி உன் பங்குக்கு வருகிறேன், தப்பித்துவிட்டதாக நினைக்காதே. உப்புதான் விஷயம் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. அந்தத் தாளை நீ ஒழுங்காகப் படித்திருக்கிறாய். அப்படியானால் தினமும் உன் கண் முன்னால் அவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தபோது நீ என்ன செய்துகொண்டிருந்தாய்? சொன்னாய், தெரியும். ஒரு தடவை. ஒரு துண்டை முக்கி வாயில் போட்டுக்கொண்டு, இதில் உப்பு ஜாஸ்தி இல்லையாம்மா என்றாய். "உனக்குக் கெமிஸ்ட்ரி சொல்லிக் குடுத்தவ நான்டா. எனக்கு நீ பாடம் எடுக்கறியா?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டாய். அவ்வளவுதான், விட்டுவிட்டாய். உன் அப்பாவின் உயிர் என்ன, ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிற சமாசாரமா? என்னோடு சண்டை போட்டிருக்கலாம். அப்பளக் கட்டைத் தூக்கி ஜன்னல் வழியே எறிந்திருக்கலாம், நான் உன் சிப்ஸை எறிந்தேனே அந்த மாதிரி. நீ அதை விட்டுவிட்டு எனக்குத் தெரியாமல் உப்பில்லாத சிப்ஸ் வாங்கிக் கொடுத்து நல்ல மகனாக இருந்தாய். வராந்தாவில் கூட, இது உப்பில்லாததும்மா என்று ஒரு வரி. ஒரே வரி. அதைச் சொல்ல உன் வாய்க்கு என்ன வந்தது? தாயை ஊர் முன்னால் பொய்க்காரியாக்கக் கூடாது என்று பெருந்தன்மையா? அந்தப் பெருந்தன்மையின் மேல்தான் எனக்கு இத்தனை கோபம்.

இது உன் பழைய புத்தி. உனக்கு ஏழு வயது முடிந்த பிறந்தநாள் நினைவிருக்கிறதா? மற்ற பிள்ளைகள் வகுப்புக்கு ஆளுக்கொரு சிப்ஸ் பாக்கெட் கொடுத்தபோது, நான் நாற்பது காகிதக் கப்பில் கேரட்டும் வெள்ளரியும் நறுக்கி, அடியில் கெட்டித் தயிர் ஊற்றி அனுப்பினேன். விடியற்காலையில் எழுந்து வெட்டினேன். சாயங்காலம் எல்லாருக்கும் பிடித்ததா என்று கேட்டேன். ரொம்பப் பிடிச்சதும்மா, இன்னும் கேட்டாங்க என்றாய். பத்து நாள் கழித்து உன் மிஸ் சொல்லித்தான் தெரிந்தது, ஒரு பிள்ளையும் தொடவில்லை, நீ ஆயாவோடு சேர்ந்து அத்தனையையும் பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் மாட்டுக்கு வைத்துவிட்டு வந்தாய் என்று. நான் உன்னை அடித்தேன். பொய் சொன்னதற்காக அடித்ததாக அப்போது நினைத்தேன். அப்போது எனக்கு வயது இருபத்தெட்டு. உன்னைப் பள்ளிக்குக் கூட்டிப் போனால் அக்காவா என்று கேட்பார்கள். படிப்பு முடிகிற வருஷமே கல்யாணம், மறு வருஷம் நீ. எனக்குத் தெரிந்ததெல்லாம் புத்தகத்தில் இருந்ததுதான், அதனால் எல்லாவற்றையும் அளந்தேன். உன் காய்ச்சலை நோட்டில் வரைபடமாகப் போட்டேன். தும்மினால் ஒரு குறிப்பு. நீ கீழே விழுவாயோ என்ற பயத்தில் நீ நடக்கும் முன்பே கத்துவேன். அந்தக் கத்தலைக் கேட்டுக் கேட்டு நீ எதையும் ஒரு தடவைக்கு மேல் சொல்லாதவனாக ஆகிவிட்டாய். இதை நான் ஏழு மாதத்தில் மெதுவாகத்தான் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்ததும் சந்தோஷமாக இல்லை.

நேற்று இதுவரை எழுதியதை உன் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவரிடமும் நான் மறைத்ததுதானே. டிவியை நிறுத்தினார். முடிந்ததும் "இன்னாத்துக்கு ஏழு மாசம்?" என்று கேட்டார். நான் தாளை மடித்தேன். பிறகு அவர் சொன்னது எனக்குப் புதிது. "நான் கெஞ்சிக் கேட்டேன்னுதான் வாங்கியாந்தான். எண்ணி ஆறு கவர்ல போட்டுக் குடுப்பான், மீதிய அவனே தின்னுடுவான். என் நாக்காலதான் படுத்துட்டேன்னு நெனச்சிக்கினு கீறேன் இத்தினி நாளும். அவன் திட்டு வாங்கும்போது நான்தான் கேட்டேன்னு உங்கிட்ட சொல்ல எனக்கு தைரியம் வரல டீச்சரம்மா." ஐம்பது வயது ஆள். கட்டின பெண்டாட்டியிடம் ஆறு சிப்ஸைச் சொல்லத் தைரியம் இல்லை. ஆக, இந்த வீட்டில் மூன்று பேரும் என் வாய்க்குத்தான் பயந்திருக்கிறோம், என்னையும் சேர்த்து.

அவருக்கு என் மேல் கோபம் இருக்கிறது. ராத்திரி சாப்பாட்டின்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. இன்று காலையில் மட்டும், இதையெல்லாம் கடுதாசியில் எழுதுவது டீச்சர் புத்தி, அவன் மூஞ்சியைப் பார்த்துச் சொல் என்றார். சொல்கிறேன். அத்தைக்கும் போன் செய்து சொல்லிவிட்டேன், அவள் ஊர் முழுக்கச் சொல்லிவிடுவாள், அந்த வேலை மிச்சம். குழுவில் அந்தக் குறிப்பை எடுத்துவிட்டு, ஏன் எடுத்தேன் என்றும் எழுதினேன். இந்தத் தடவை பொம்மைகள் வரவில்லை. ஒரு அம்மா மட்டும் தனியாக அழைத்து, தன் மாமனாருக்கு இரண்டு மாதமாக அதைத்தான் கொடுப்பதாகச் சொல்லி அழுதாள். நாளைக்கே டாக்டரிடம் கூட்டிப் போகச் சொன்னேன்.

அயர்லாந்து போன பிறகு உனக்கும் ஒரு வீடு அமையும். என்னைப்போல ஒருத்தி வாய்க்காமல் இருக்கட்டும் என்று சொல்ல வாய் வருகிறது, ஆனால் வாய்த்தால் என்ன செய்வாய்? தெரிந்ததை விழுங்கிக்கொண்டு சிரிக்காதே. எதிரில் இருப்பவர் கத்தினால் கத்தட்டும், முடிந்ததும் மறுபடி சொல். அன்பு இருக்கிற இடத்தில்தான் இரண்டாம் தடவை சொல்ல முடியும். முதல் தடவை யாரிடமும் சொல்லலாம்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பை ரத்து செய்துவிட்டேன். நாலு மணிக்கு நான் வீட்டில்தான் இருப்பேன். அதைத் தெரிந்துகொண்டே நீ வர வேண்டும். ஆறு மணிக்கு மாற்றினாலும் இருப்பேன், மறுநாள் வந்தாலும் இருப்பேன், பதினோராம் நாள் ஏர்போர்ட்டுக்கும் வந்து நிற்பேன், அங்கே ஆஸ்பத்திரியைவிடக் கூட்டம் அதிகம். உன்னிடம் என் தப்பென்று சொல்ல வேண்டியதை அத்தனை பேர் முன்னால் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. அவ்வளவு தூரம் வைக்காதே, நாலு மணிக்கே வா. காலையிலேயே தயிரைக் கட்டித் தொங்கவிடுவேன். வரும் வழியில் அந்தக் கடையில் நில், வாணலியிலிருந்து நேராகக் கவரில் வாங்கு. அப்பாவுக்கு ஆறு, நீ எண்ணாதே, நான் எண்ணுகிறேன். மீதி உனக்கும் எனக்கும். சோபாவில் நடு இடத்தை விட்டு வை. உன்னைத் திட்ட இன்னும் பாக்கி இருக்கிறது, திட்டுவேன். திட்டி முடித்த பிறகு, அன்றைக்கு அப்பளத்தைப் பற்றிச் சொன்னாயே, அதை மறுபடி ஒரு தடவை சொல்.